லாண்டரிக்கு முன்னால் ஒரு சொல்

அன்று மாலை எங்கள் கடையில் இருந்தவர்கள் ஆறு பேர்: நான், என் மனைவி, சரக்கு ஆட்டோ ஓட்டும் அவளுடைய அண்ணன், கடைப் பலகைகளுக்கு எழுத்து ஒட்டித் தரும் சேட்டன், பாதியில் வந்து சேர்ந்த ஹோம்ஸ்டே சேச்சி, அந்தச் சேச்சி தன் குடைக்குள் கூட்டி வந்த சென்னைக்காரர். மழையை இதில் சேர்க்கவில்லை. அது ஜூன் மாதம் வந்து உட்கார்ந்தது. எழுந்து போகிற எண்ணமே அதற்கு இல்லை.

மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் மணக்கிற மொத்த வியாபாரத் தெருவிலிருந்து ஒரு சந்து திரும்பினால் எங்கள் சலவைக்கடை. முன்னால் தேய்ப்பு மேசை, பின்னால் தொட்டி, நடுவில் கொடிக்கயிறு. வாசலுக்கு மேலே வெள்ளைப் பலகையில் லாண்டரி என்று ஆங்கிலத்தில் ஏழு சிவப்பு எழுத்துகள். அந்த ஏழும் வலது பக்கமாக ஒதுங்கி நின்றன. இடது பக்கம் வெறும் பலகை. அது நாங்கள் வேண்டுமென்றே விட்ட இடம். வேகத்தைச் சொல்கிற ஓர் ஆங்கிலச் சொல் அங்கே வரவேண்டும். எந்தச் சொல் என்று முடிவு செய்யத் தைரியம் வராமல் நான் இரண்டு மாதம் ஓட்டிவிட்டேன்.

சந்தில் போகிறவர்கள் சும்மா போகவில்லை. "அண்ணாச்சி, லாண்டரிக்கு இனிஷியல் கிடைக்கலையா?" என்று சாயாக்கடையிலிருந்து ஒருவர் கேட்பார். "இனிஷியல் போடணும்னா அச்சன் யாருன்னு தெரியணுமில்லே" என்று பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்வார். நானும் சிரித்துவைப்பேன். ராத்திரி படுத்தால் அந்த வெள்ளை இடம் கண்ணுக்குள் வந்து நிற்கும்.

சொல் ஏன் வேண்டும் என்றால், அதற்குக் காரணம் ஹோம்ஸ்டே சேச்சி. எங்கள் வருமானத்தில் பாதி அவருடைய வீட்டிலிருந்து வருகிறது. அவர் வீட்டு எட்டு அறைகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாலை, தங்க வருகிறவர்களின் உடுப்பு எல்லாம் எங்களிடம்தான். அந்த வருஷம் ஏப்ரலில் அடுத்த தெருவில் ஒரு மெஷின் லாண்டரி திறந்தார்கள். கண்ணாடிக் கதவு, உலர்த்தும் இயந்திரம், 'எக்ஸ்பிரஸ்' என்று ராத்திரியிலும் ஒளிவிடும் பலகை. சேச்சி நல்லவர், நேராகவே சொன்னார். "உங்க வேலையில எனக்குக் குறை இல்லை. ஆனா கெஸ்ட்டுங்க தெருவுல நடக்கும்போது அந்த போர்டைப் பார்க்கிறாங்க. துணியை ஏன் அங்க கொடுக்கலைன்னு கேட்கிறாங்க. நீங்களும் ஏதாவது எழுதி வைங்க. நான் கை நீட்டிக் காட்டணுமில்லே?" ஆகஸ்ட் ஒன்றாம் தேதிக்குள் முடிவெடுப்பேன் என்றும் சொல்லியிருந்தார். அன்றைக்கு ஜூலை மாதம் முக்கால்வாசி போயிருந்தது.

எழுதாவிட்டால் பாதி வருமானம் போகும். எழுதிவிட்டு, அப்படி நடக்க முடியாமல் போனாலும் அதே பாதி வருமானம் போகும், மரியாதையும் கூடப் போகும். இதுதான் என் கவலை.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆங்கிலத்தில் எழுத்துகள் எல்லாம் தெரியும். துணிக்குத் துணி அடையாளம் போட்டே கற்றுக்கொண்டேன். சொற்கள்தான் பயம். அதிலும் பலகையில் ஏறுகிற சொல் என்றால் இன்னும் பயம். வாயால் சொன்ன வாக்கை மறுநாள் கொஞ்சம் இழுத்து நீட்டிக்கொள்ளலாம். பலகையில் ஒட்டிய சொல், நாம் தூங்கும்போதும் நம்மைக் கேட்காமல் ஊருக்கெல்லாம் வாக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

எங்கள் சலவைக்கூடத்தில் துணி உலர்த்தக் கிளிப் கிடையாது. இரண்டு கயிற்றைச் சேர்த்து முறுக்கி, அந்த முறுக்குக்குள் துணியின் நுனியைச் செருகிவிடுவோம். எந்தக் காற்றுக்கும் விழாது. ஆனால் கயிறு என்ன செய்யும், வெயில் வரவேண்டாமா? கொச்சியில் ஜூன், ஜூலை மாதங்களில் ஒரு படுக்கை விரிப்பு உலர்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். யார் எதைக் கேட்டாலும் "நாளைக்கு" என்பேன். இன்று சாயங்காலமே கொடுக்கக்கூடியதாக இருந்தாலும் நாளைக்குத்தான். வாடிக்கைக்காரர்களுக்கும் இது பழகிவிட்டது. நான் நாளைக்கு என்றால் இன்றைக்கே வந்து நிற்பார்கள். நாளை மறுநாள் என்றால் நாளைக்கு வருவார்கள். என் மனைவியிடம் மட்டும் யாரும் அப்படிக் கழித்துப் பார்த்ததில்லை. அவள் எந்த நேரம் சொல்கிறாளோ அந்த நேரத்துக்குத்தான் வருவார்கள்.

அன்று நான்கு மணி வாக்கில் எழுத்துச் சேட்டன் ஓர் அட்டைப்பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு நனைந்தபடி வந்தார். பெட்டியைத் தேய்ப்பு மேசையில் கவிழ்த்தார். சிவப்பு எழுத்துகள் கலகலவென்று விழுந்தன. எல்லாம் ஒரே அளவு, எங்கள் லாண்டரிக்குச் சரியாகப் பொருந்தும் அளவு.

"மிச்ச எழுத்துங்க" என்றார். "ஆர்டர் கொடுத்துட்டு மாத்திக்கிட்டவங்க, கடை தொறக்காமலே பூட்டினவங்க. இதிலிருந்து எடுத்தா எழுத்துக்கு இருநூறு. புதுசா வெட்டணும்னா இரட்டி."

அந்தப் பெட்டியில் எங்கள் ஊரே இருந்தது. மிளகும் ஏலக்காயும் கப்பலேற்றுகிற ஊரில் எந்தச் சொல் பலகையில் அதிகம் ஏறும்? எக்ஸ்போர்ட்ஸ். முழுதாக இரண்டு எக்ஸ்போர்ட்ஸ் அந்தக் குவியலில் கிடந்தன. ஒரு கிச்சன், ஒரு ஃபர்னிச்சர், வால் அறுந்த பேக்கரி ஒன்று. சேட்டன் கைவிரலால் எழுத்துகளைத் தள்ளித் தள்ளி, ஒரு நிமிஷத்தில் மேசைமேல் எக்ஸ்பிரஸ் என்று அடுக்கிக் காட்டினார்.

"கண்டோ அண்ணாச்சி? ரெண்டு எக்ஸ்போர்ட்ஸ்ல ஒரு எக்ஸ்பிரஸ் சுளையா கிடைக்குது. ஒரு எழுத்துகூட வெட்ட வேண்டாம்."

எனக்கு ஆசையாக இருந்தது. பார்க்கவும் நன்றாக இருந்தது. ஆனால் அது மெஷின் லாண்டரிக்காரர்களின் சொல். அவர்களிடம் உலர்த்தும் இயந்திரம் இருக்கிறது. எங்களிடம் ஒரு மேசை விசிறி இருக்கிறது.

"அவங்க எழுதினதையே நாமளும் எழுதினா நல்லாவா இருக்கும்?" என்று இழுத்தேன்.

"அப்ப ஃபாஸ்ட் போடு மாப்ள" என்றார் மச்சான். மழைக்கு ஆட்டோவை எங்கள் வாசலில் நிறுத்திவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து பீடியை நசுக்கிக்கொண்டிருந்தார். "நாலே எழுத்து. எண்ணூறு ரூபாயில முடிஞ்சிடும். ஊருக்கே தெரிஞ்ச சொல்லு."

"ஃபாஸ்ட் பாசஞ்சர் பஸ்ஸு கூடத்தான் ஊருக்கே தெரிஞ்சது" என்றாள் என் மனைவி, துண்டு மடித்துக்கொண்டே. "அது வர்ற லட்சணமும் தெரிஞ்சதுதான்."

சேட்டன் சிரித்துவிட்டு, கைப்பேசியில் தேடி ஒவ்வொன்றாக வாசித்தார். ரேப்பிட். "வேண்டாம், கொரோனாவுக்கு மூக்குல குச்சி விட்ட ஞாபகம் வருது" என்றார் மச்சான். ஸ்விஃப்ட். "அது வரதட்சணையா கேக்கிற கார்." ஸ்பீடி. மச்சான் பீடிக்கட்டைத் தேட ஆரம்பித்தார். அதுவே அதற்கான தீர்ப்பாக இருந்தது. கடைசியாகக் குவிக்.

"குவிக் நல்ல சொல்லு" என்றார் சேட்டன். "யூ, ஐ, சி, கே நாலும் பெட்டியில இருக்கு. க்யூதான் இல்லை. எங்க ஊர்ல யாரு க்யூ போட்டு கடை வைக்கிறாங்க? புதுசா வெட்டணும். ஒரே ஒரு எழுத்துக்கு மெஷின் ஓட்ட மாட்டாங்க. முழு ஷீட்டுக்குக் காசு கேப்பாங்க. க்யூ ஒண்ணுக்கே ஆயிரத்தைந்நூறு ஆகும்."

"தலையிலயே செலவு வைக்கிற எழுத்து" என்றார் மச்சான்.

நான் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு ஆபத்தாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபாஸ்ட் என்று எழுதிவிட்டு, விரிப்பு உலராமல், சேச்சி வீட்டு அறையில் வெறும் மெத்தையோடு யாரோ நிற்பது போல. எக்ஸ்பிரஸ் என்று எழுதிவிட்டு, மின்சாரம் போய், வாசலில் ஆட்கள் கூடிச் சத்தம் போடுவது போல. இப்படி நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் குடை மடக்குகிற சத்தம் கேட்டது.

ஹோம்ஸ்டே சேச்சி. கூடவே நரைத்த மீசைக்காரர் ஒருவர். பனியனுக்கு மேல் துண்டு போர்த்தியிருந்தார். கையில் ஒரு வெள்ளைச் சட்டை. சட்டையின் நெஞ்சில், பைக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு மீன்குழம்பு.

"மோளே, ஒரு ஆபத்து" என்றார் சேச்சி என் மனைவியிடம். "இவருக்கு இன்னிக்கு மகனோட நிச்சயம். தோப்பும்படியில மண்டபம். மத்தியானம் சாப்பிடும்போது கொட்டிக்கிட்டார்."

"வேற சட்டை இருக்கும்மா" என்றார் சென்னைக்காரர். "ஆனா இது பொண்ணு வீட்ல எடுத்துக் குடுத்தது. இதைத்தான் போட்டுக்கிட்டு வரணும்னு சம்பந்தியம்மா ரெண்டு தடவை சொன்னாங்க. போடாம போய் நின்னா வேற மாதிரி ஆயிடும்."

"அந்த மெஷின் கடைக்கும் போனோம்" என்றார் சேச்சி. "ஒரு மணிக்கூர்ல துவைச்சு உலர்த்தித் தரலாம், மஞ்சக் கறைக்கு மட்டும் பொறுப்பேற்க முடியாதுன்னுட்டாங்க. அவங்களைச் சொல்லவும் முடியாது."

"நாளைக்குக் காலையில..." என்று என் வாய் தானாக ஆரம்பித்துவிட்டது.

"அரை மணிக்கூர்ல தரலாம் சேச்சி!" என்றார் மச்சான், அதே நேரத்தில்.

என் மனைவி எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. சட்டையை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு அவரிடம் கேட்டாள்: "எப்ப உடுத்தணும்?"

"ஆறரைக்கு ஃபங்ஷன்மா."

"ஃபங்ஷன் இருக்கட்டும். சட்டை எப்ப உடம்புல ஏறணும்?"

அவர் யோசித்தார். இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "ஆறே காலுக்கு சேச்சி வீட்டுக்குக் கார் வரும். அப்ப அஞ்சே முக்காலுக்கு..."

"காரை இந்தச் சந்து முனைக்கே வரச் சொல்லிடுங்க. இங்கயே மாத்திக்கிட்டு இங்கிருந்தே ஏறுங்க. திரும்பி நடக்கிற நேரம் மிச்சம். மழையில சட்டையும் நனையாது." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து ஆகச் சில நிமிஷம் இருந்தது. "ஆறு பத்துக்குத் தரேன். அதுக்கு முன்னாடி கேக்காதீங்க. கறை முழுசாப் போகாது, இப்பவே சொல்லிட்டேன். கிட்ட வந்து உத்துப் பாத்தா லேசா நிழல் தெரியும். கழுத்துல மாலை விழுந்தா அதுவும் தெரியாது. சம்மதம்னா குடுங்க."

"சம்மதம்" என்றார் அவர்.

இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று வேலை செய்திருக்கிறேன். அவள் நேரத்தை எப்படிச் சொல்கிறாள் என்பதை அன்றுதான் கவனித்தேன். அவள் எதையும் முதலில் தருவதில்லை, வாங்கிக்கொள்கிறாள். எப்போது வேண்டும், எங்கே வேண்டும், எவ்வளவு போதும் என்று எதிராளியிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்ட பிறகுதான் தன் வாயைத் திறக்கிறாள். நான் பயத்தில் ஒரு நாளைக் கூட்டிச் சொல்வேன். மச்சான் பெருமைக்கு ஒரு மணி நேரத்தைக் குறைத்துச் சொல்வார். அவள் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

சட்டை முழுவதையும் அவள் நனைக்கவில்லை. கறை பட்ட பகுதியை மட்டும் ஒரு கிண்ணத்தின் வாய்மேல் இழுத்துப் பிடித்துக் கட்டினாள். காலரும் கையும் அப்படியே காய்ந்திருக்க, அந்த வட்டத்தில் மட்டும் தண்ணீர் விட்டுச் சோப்பைத் தொட்டாள். மஞ்சள் சட்டென்று ரத்தச் சிவப்பாக மாறியது.

"ஐயோ!" என்று சென்னைக்காரர் எழுந்துவிட்டார். "முன்னாடி இருந்ததே தேவலையே!"

"மஞ்சள் சோப்பைக் கண்டா அப்படித்தான் கோபப்படும்" என்றாள் அவள். "அடங்கிடும். உக்காருங்க. சாயா குடிங்க."

சாயா வந்தது. மச்சானும் எழுத்துச் சேட்டனும் பந்தயம் கட்டினார்கள். ஆறு பத்துக்கு முடியாது என்று மச்சான், முடியும் என்று சேட்டன். தோற்றவர் எல்லாருக்கும் பழம்பொரி வாங்கவேண்டும்.

"சொந்தத் தங்கச்சிக்கு எதிரா பந்தயமா?" என்றேன்.

"அவ ஜெயிச்சா எனக்குப் பெருமை, தோத்தா பழம்பொரி. ரெண்டுலயும் எனக்கு நஷ்டம் இல்லை மாப்ள."

வெளுப்புத் தண்ணீரைக் கரண்டியில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டாள். சிவப்பு மங்கி வெளிறியது. அதன் பிறகு அலச ஆரம்பித்தாள். அதுதான் என்னைக் கொன்றது. தண்ணீரை மாற்றி மாற்றி அலசிக்கொண்டே இருந்தாள். கடிகாரம் ஐந்தே முக்காலைத் தாண்டியது. சேச்சியும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு எட்டு அறைகளின் விரிப்புகளும் கண்ணில் வந்து போயின.

"போதாதா?" என்றேன் மெதுவாக.

"இன்னொரு தடவை."

"நேரம் போகுதே."

"அலசாம தேய்ச்சா ஆறு மணிக்கே குடுத்திடலாம்" என்றாள், தலை நிமிராமல். "வெளுப்பு மருந்து துணியில நிக்கும். சூடு பட்டு, ஏழு மணிக்கு மேடையில மஞ்சளா காட்டும். அப்ப நான் போய் அங்க நிக்க முடியுமா?"

நான் அடுத்த வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தேன். அவசரப்படவேண்டிய இடம் எது, அவசரப்படக் கூடாத இடம் எது என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது. என் வாய்க்குத் தெரியவில்லை.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ஈரப் பகுதியைத் தடித்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டினாள். சுருளின்மேல் முழங்காலை ஊன்றி அழுத்தினாள். விரித்தாள், மேலே மெல்லிய வேட்டித் துணியைப் போட்டுத் தேய்த்தாள், விசிறிக்கு நேராகப் பிடித்தாள், மறுபடி தேய்த்தாள். சூடு, காற்று, சூடு, காற்று. தையல் ஓரங்களில் ஈரம் ஒளிந்திருக்கும் என்று அங்கே தேய்ப்புப் பெட்டியின் நுனியை மட்டும் வைத்து எடுத்தாள். கடைசியாகச் சட்டையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். விரலுக்குத் தெரியாத ஈரம் கன்னத்துக்குத் தெரியும்.

சந்து முனையில் கார் ஹாரன் அடித்தது. தொங்கிக்கொண்டிருந்த ஒரு படுக்கை விரிப்புக்குப் பின்னால் போய்ச் சென்னைக்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். கடிகாரத்தில் ஆறு பத்து ஆக ஒரு நிமிஷம் இருந்தது. பைக்குக் கீழே ஒரு நிழல் இருந்தது, தெரிந்து தேடினால்தான் தெரியும். அவர் குனிந்து பார்த்தார், கையால் தடவினார், என் மனைவியைப் பார்த்துக் கும்பிட்டார். "சொன்னா சொன்ன மாதிரி இருக்கும்மா, நிழல் உட்பட" என்று சொல்லிவிட்டுக் குடைக்குள் ஓடினார்.

மச்சான் எழுந்து சட்டைப்பையைத் தடவிக்கொண்டே பழம்பொரி வாங்கப் போனார்.

சேச்சி போகவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேசையில் இன்னும் எக்ஸ்பிரஸ் அடுக்கிக் கிடந்தது. எழுத்துச் சேட்டன் அதைத் தட்டினார். "இனி என்ன யோசனை அக்கா? இப்ப நாங்க கண்ணால கண்டது எக்ஸ்பிரஸ்தானே?"

"எக்ஸ்பிரஸ் நம்ம ஸ்டாப்ல நிக்காது" என்றாள் அவள்.

சேட்டனுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"எங்க பள்ளுருத்தியில சின்ன வயசுல பாத்திருக்கேன். எக்ஸ்பிரஸ்னு எழுதின பஸ்ஸு வந்தா யாரும் கை காட்ட மாட்டோம். அது நமக்கு இல்லைன்னு தெரியும். நம்ம கடைக்கு மூட்டை தூக்கறவங்க ஒத்தை வேட்டியைக் கொண்டு வர்றாங்க. இந்தச் சொல்லைப் பாத்தா, இது பெரிய இடம், நிக்காதுன்னு நெனச்சுப் போயிடுவாங்க."

நான் இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாக யோசித்தேன். எல்லாம் நாங்கள் வாக்குத் தவறிவிடுவோமோ என்கிற யோசனைதான். ஒரு சொல் ஒருவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பழம்பொரிப் பொட்டலத்தோடு திரும்பி வந்த மச்சான், "நான் அப்பவே சொன்னேனே, ஃபாஸ்ட்!" என்றார்.

"வேகமா ஓடுற வண்டி லேட்டாவும் வரும்ணா. உங்க வண்டியே சாட்சி" என்றாள் தங்கை. எல்லாரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை, யோசித்துக்கொண்டிருந்தாள். "வேகம் வேற, சீக்கிரம் வேற. இப்ப அந்தச் சட்டையை நான் வேகமாவா செஞ்சேன்? பாதி நேரம் அலசிக்கிட்டுதான் இருந்தேன். ஆனா சீக்கிரம் முடிஞ்சுது. சீக்கிரம்னா லேட்டா வர முடியாது." சேச்சியின் பக்கம் திரும்பினாள். "சேச்சி, நீங்க படிச்சவங்க. இங்கிலீஷ்ல வேகம் எது, சீக்கிரம் எது?"

சேச்சி பழம்பொரியைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "எங்க மலையாளத்துல ரெண்டுக்கும் வேகம்னுதானே சொல்றோம்" என்றார். அப்புறம் தனக்குத் தானே முணுமுணுத்துப் பார்த்தார். "ஃபாஸ்ட் ஓடறதுக்கு. குவிக்... ஒரு குவிக் சாயா குடிச்சிட்டு வரேன்னு சொல்றோம். ஃபாஸ்ட் சாயான்னு யாரும் சொல்ல மாட்டாங்க. சரிதான் மோளே. ஃபாஸ்ட் வேகம். குவிக் சீக்கிரம்." கொஞ்சம் நிறுத்தி, "உன் வேலைக்கு அதைவிடச் சரியான சொல்லு ப்ராம்ப்ட். சொன்ன நேரத்துக்குன்னு அர்த்தம்" என்றார்.

"ப்ராம்ப்ட்" என்று என் மனைவி சொல்லிப் பார்த்தாள். அவளுக்குப் பிடித்திருந்தது, முகத்தில் தெரிந்தது. என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு இந்தச் சொல்லு தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

"அப்ப வேண்டாம். நம்ம ஆளுங்களுக்குத் தெரியாத சொல்லு நமக்கெதுக்கு? குவிக் போதும்."

அவ்வளவுதான். இரண்டு மாதம் நான் சுமந்ததை ஒரு நிமிஷத்தில் இறக்கி வைத்துவிட்டாள். தனக்கு மிகவும் பொருந்துகிற, கிட்டத்தட்டத் தன் பெயர் போன்ற ஒரு சொல்லைக் கையில் வாங்கி, அதன் அர்த்தம் தெரியாதவர்களுக்காகத் திருப்பிக் கொடுத்ததுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

"மகா பாவி, க்யூ!" என்று எழுத்துச் சேட்டன் தலையில் கை வைத்தார். "ஆயிரத்தைந்நூறு சொன்னேனே அக்கா."

"அவ்வளவு முடியாது" என்றாள். "நீங்க என்ன செய்ய முடியும்னு பாருங்க."

அவர் குவியலைக் கிளறினார். எக்ஸ்போர்ட்ஸின் ஓ எழுத்தை எடுத்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஓர் ஆர் எழுத்தை எடுத்து, அதன் சாய்ந்த காலை ஓவின் அடியில் வைத்துப் பார்த்தார். சின்ன ரம்பத்தை எடுத்து அந்தக் காலை அறுத்தார். ஓவுக்கு வால் முளைத்துவிட்டது. மீந்து கிடந்த ஆர் இப்போது பி ஆகியிருந்தது.

"ஒரு பி லாபம்!" என்றார் மச்சான்.

சேட்டன் அதற்குச் சிரிக்கவில்லை. வாலின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். ஓவின் வளைவில் வால் சரியாக உட்காரும்வரை விடவில்லை. அவருக்கும் அவசரப்படக் கூடாத ஓர் இடம் இருந்தது. "அஞ்சு எழுத்துக்கு ஆயிரம். வாலுக்குக் கூலி முந்நூறு" என்றார். "ஆனா சத்தியமா சொல்றேன், இந்த மழைக்கு வால் நிக்குமான்னு எனக்கே தெரியாது."

"எப்ப தெரியும்?" என்று கேட்டாள் அவள். அதே கேள்விதான்.

அவர் யோசித்தார். "ஓணத்துக்குத் தெரியும்."

"அப்ப எழுத்துக்குக் காசு இப்ப, வாலுக்கு ஓணத்துக்கு."

மறுநாள் காலை மழை கொஞ்சம் விட்ட நேரத்தில் ஏணி போட்டு ஒட்டினார். சாயாக்கடையிலிருந்து கை தட்டினார்கள். "இனிஷியல் வந்தாச்சு!" என்று ஒரு குரல். மூட்டை தூக்கும் ஒருவர் நின்று எழுத்துக்கூட்டி வாசித்தார். "குவிக். ஓ, சீக்கிரம் கிடைக்கும்" என்று பக்கத்தில் நின்றவருக்குத் தானே அர்த்தம் சொன்னார். நான் தேய்ப்புப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டேன்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி சேச்சி வரவில்லை. காலை முழுவதும் நான் சந்து முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்கு அவர் வீட்டு வேலைக்காரம்மா வழக்கமான நீலப் பையோடு வந்தார், எட்டு அறைகளின் விரிப்பு. பையோடு ஒரு சொல்லும் வந்தது: எப்போது கிடைக்கும் என்று சேச்சி அக்காவிடம் கேட்டு வரச் சொன்னாராம். என்னிடம் இல்லை, அக்காவிடம். எனக்கு அதில் வருத்தமே இல்லை. நான் தள்ளி நின்று வழி விட்டேன்.

ஓண வாரத்தில் எழுத்துச் சேட்டன் தன் புது வேட்டியைத் தேய்க்கக் கொண்டு வந்தார். என் மனைவி பணத்தை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. வாசலுக்கு வெளியே போய், கண்ணுக்குமேல் கையை வைத்து, அண்ணாந்து வாலைப் பார்த்தார். "ஐப்பசி மழை இதைவிடப் பொல்லாதது அக்கா. காத்தோட வரும். அதுவும் கழியட்டும்" என்றார். வேட்டி எப்போது உடுத்த வேண்டும் என்று அவள் கேட்டாள், அவர் சொன்னார், அந்த நேரத்துக்கு வந்து வாங்கிக்கொண்டு போனார்.

வாலுக்காக அவருக்கு நாங்கள் இன்னும் தரவேண்டியது முந்நூறு ரூபாய்.